கேட்க வெட்கப்பட்ட ஒரு கேள்வி



மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகளில் பாதி, உண்பதைப் பற்றியவையாகவே இருக்கின்றன. இந்த மிட்டாயில் ஜெலட்டின் இருக்கிறதாமே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இந்த டானிக்கில் ஆல்கஹால் என்று போட்டிருக்கிறதே, குடிக்கலாமா? இப்படித் தினம் ஒன்று வரும். சில மாதங்களுக்கு முன் மேற்குத் தாம்பரத்துச் சகோதரர் ஒருவர் அஸருக்குப் பின் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஹஜ்ரத், என் மகனுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தவறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டால் இதைப் போட்டுக்கொண்டால் போதும், செரித்துவிடும் என்கிறார்கள். இது ஹலால்தானா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. கிதாபுகளைப் புரட்ட வேண்டியிருந்ததால் அன்று. அதே போன்ற ஒரு புட்டி என் வீட்டு அலமாரியிலும் இரண்டாண்டு காலம் இருந்தது. அதை நம்பி நான் செய்த ஒரு பிழையை என் மகள் அனுபவித்தாள். அதைச் சொல்லாமல் அவருக்கு மார்க்கச் சட்டம் மட்டும் சொல்லி அனுப்புவது நேர்மையாகாது என்று தோன்றியது. அன்று அவரிடம் சொன்னதையே இன்று உங்களிடமும் சொல்லுகிறேன்.

மெலிந்த பிள்ளை

என் இரண்டாவது மகளுக்கு 2016-ஆம் ஆண்டில் ஏழு வயது. பார்த்தவர்கள் நான்கு வயது என்பார்கள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல், முகத்தில் இரத்தமே இல்லை. வாரத்தில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு. கண்ணேறு என்று நன்னி சொன்னார்கள், ஓதி ஊதினோம். பூச்சி என்று மாமி சொன்னார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம். அக்கம்பக்கத்தார் வேறொன்று சொன்னார்கள். தாம்பரத்தில் வாழ்பவர்களுக்கு மெலிந்த உடம்பைக் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது சானடோரியம். 1928-இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்கென்று நிறுவிய அந்த மருத்துவமனையால்தான் பக்கத்து ரயில் நிலையத்திற்கே அப்பெயர் வந்தது. ஆகவே, "வயிற்றில் டி.பி.யாக இருக்கும்" என்று எங்கள் தெருவே முடிவு கட்டிவிட்டது. காசநோய்க்கான சோதனைகள் எடுத்தோம். எதிலும் ஒன்றும் இல்லை.

கடைசியில் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஒருவர் ஓர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பின்னர் வாய் வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துச் சோதித்தார்கள். "சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. அது உங்கள் மகளின் குடலுக்குப் பகை. ஆயுள் முழுவதும் அதை விலக்க வேண்டும்" என்றார்.

கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். அறிவியலைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவன். "டாக்டர், நாங்கள் சோறு தின்கிற ஜனங்கள். எங்கள் வீட்டில் கோதுமை ஏது?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு நாள் உணவை எழுதித் தரச் சொன்னார். எழுதிப் பார்த்தால் எனக்கே திகைப்பு. காலையில் தேநீரோடு பிஸ்கட்டு, பதினொரு மணிக்குப் பன், மாலையில் சமோசா, இரவில் ரவை உப்புமா, வெள்ளிக்கிழமை என்றால் பரோட்டா, பெருநாள் என்றால் சேமியாப் பாயசம். போதாதற்கு ரசத்தில் போடும் பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா மாவைச் சேர்த்திருக்கிறார்கள். டப்பாவின் பின்புறம் சிற்றெழுத்தில் அச்சிட்டும் இருக்கிறது. பத்தாண்டு ரசம் குடித்தும் அதை நான் படித்ததில்லை.

நம் பக்கத்தில் இந்நோயை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கில் ஆயிரம் பேருக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தெற்கிலோ பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். இந்நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தும் இந்த வேற்றுமை. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் 25 கிராம். எனினும், அரிது என்பதற்கு இல்லை என்று பொருளாகாது. அந்தப் பத்தாயிரத்தில் ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தக் கணக்கால் உங்களுக்கு என்ன பயன்?

ஒரு போர்க்காலப் பாடம்

வரலாறு படித்தவன் ஆதலால் இந்நோயின் வரலாறு என்னைக் கவர்ந்தது. கோதுமைதான் காரணம் என்பது 1940-கள் வரை மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. 1924-இல் அமெரிக்காவின் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் இக்குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் ரொட்டி நின்றதால்தான் பிள்ளைகள் தேறினார்கள்.

அதை நிலைநாட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. போருக்கு முன்பே அவருக்குக் கோதுமை மீது ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கொடிய பஞ்சம். ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில் இந்நோய்ப் பிள்ளைகளின் நிலை மேம்பட்டது. ரொட்டி திரும்பி வந்தபோது நோயும் திரும்பியது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் இதை முறையாக விளக்கினார். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் ஒரு சில குழந்தைகள் மட்டும் பிழைத்தெழுந்தன என்பதைப் படித்தபோது அல்லாஹ்வின் ஏற்பாட்டை எண்ணி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மகளும் அவ்வாறே எழுந்தாள். கோதுமையை நிறுத்திய ஆறே மாதத்தில் சதை பிடித்தது, தலைமுடி அடர்ந்தது, பள்ளியில் ஓடி விளையாடினாள். 2019-இல் எடுத்த இரத்தப் பரிசோதனையில் நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் இயல்பான அளவுக்கு இறங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

துபாயிலிருந்து வந்த புட்டி

2022-இல் குரோம்பேட்டையில் ஒரு திருமணம். பிரியாணி சீரகச் சம்பா அரிசி, அதில் அச்சமில்லை. பிரெட் அல்வாவை அவளே ஒதுக்கிவிட்டாள். ஆனால் பொரித்த கோழியில் மொறுமொறுப்புக்காக மைதா பிசைந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. மூன்று நாள் படுக்கை. செய்தி அறிந்த என் மச்சான் துபாயிலிருந்து ஒரு புட்டி மாத்திரை அனுப்பினார். குளூட்டனைச் செரிக்கும் நொதிகள் அடங்கியது என்று அதன் மேல் எழுதியிருந்தது. நொதி என்றால் என்சைம். உணவைச் சிறு சிறு கூறுகளாக வெட்டுவதற்கு உடலே சுரக்கும் பொருள். அதை வெளியிலிருந்து கொடுத்தால் நல்லதுதானே என்று எங்களுக்குப் பட்டது.

அந்தப் புட்டி வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அது மெல்ல மெல்ல நடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. உறவினர் வீட்டு ரசத்தில் என்ன பெருங்காயம் என்று முன்பெல்லாம் என் மனைவி கேட்பாள். பிறகு கேட்பதை விட்டாள். பரோட்டா போடும் அதே கல்லில் தோசை ஊற்றும் கடையில் நான் தோசை வாங்கத் தொடங்கினேன். "மாத்திரை இருக்கிறதே!" என்பது எங்கள் வாய்ச்சொல்லாயிற்று. பல முறை மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மாத்திரையின் பலன் என்று வரவு வைத்தோம். அந்த உணவில் கோதுமையே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றோ, வலி தெரியாமல் உள்ளே கேடு நடந்திருக்கலாம் என்றோ நினைக்கவில்லை.

அந்த நோன்பு மாதம்

2024-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரமலான் மாதத்திற்குள் வந்தது. மகள் நோன்பும் வைத்தாள், இரவு விழித்துப் படிக்கவும் செய்தாள். கணிதத் தேர்வுக்கு முதல்நாள் மாலை எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போனேன்.

நோன்புக் கஞ்சி நம்முடைய பழைய சொத்து. பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கைமா, தேங்காய்ப்பால், புதினா. இதில் கோதுமைக்கு இடமே இல்லை. அந்த ஆண்டு இருபது நாளாக அவள் அதைக் குடித்து வந்தாள். ஆனால் அன்று அண்டாவின் அருகில் ஒரு காலிப் பை கிடந்ததைப் பார்த்தேன். சம்பா கோதுமை ரவைப் பை. கஞ்சி கெட்டியாக வரட்டும் என்று பண்டாரி போட்டிருப்பாரோ என்ற எண்ணம் எழுந்தது. எனக்குப் பின்னால் தூக்குவாளிகளோடு நீண்ட வரிசை. அன்றைய கஞ்சிக்குச் செலவு செய்த பெரியவர் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முன்னால், "இதில் என்ன போட்டீர்கள்?" என்று எப்படிக் கேட்பது? குறை சொல்வதாக ஆகாதா? ஹஜ்ரத்தே இப்படிக் கேட்கலாமா என்று நினைக்க மாட்டார்களா? வாளியை நீட்டினேன், வாங்கினேன், வந்துவிட்டேன்.

சந்தேகம் வந்தால் விலகிக்கொள்வதே பேணுதல் என்று பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்பவன் நான்!

பாங்கு சொல்வதற்குச் சற்று முன் மகள் கேட்டாள்: "அத்தா, கஞ்சியில என்னன்னு கேட்டீங்களா?"

"பள்ளிவாசல் கஞ்சிம்மா. அரிசிதானே" என்றேன்.

வாசகர்களே, அவள் கேட்டதற்கு அது பதில் அன்று. கேட்டீர்களா என்று கேட்டாள். கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவள் என்னை நம்பிக் குடித்தாள். மஃரிப் தொழுதுவிட்டு வந்த பிறகு என் மனம் உறுத்தியது. "எதற்கும் ஒரு மாத்திரை கொடுத்துவிடு" என்று மனைவியிடம் சொன்னேன். அதோடு என் கவலை தீர்ந்தது.

இரவு பத்து மணிக்கு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. ஸஹருக்கு அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. காலையில் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் புட்டியில் நிரப்பிக்கொண்டு தேர்வுக்குப் போனாள். வேண்டாம் என்றோம்; கேட்கவில்லை. நேரம் முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள். தேர்ச்சி பெற்றாள், எனினும் அவள் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. அதைப் பற்றி அவள் இன்று வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மாத்திரை ஏன் காக்கவில்லை?

பெருநாளுக்குப் பின் மருத்துவரிடம் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருளின் அளவு மீண்டும் உயர்ந்திருந்தது. "இது ஒரு நாள் கஞ்சியால் வந்ததன்று. சில காலமாகவே கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது" என்றார். புட்டியை எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாக விளக்கியதையும் பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. வயிற்றிலும் கணையத்திலும் சுரக்கும் நொதிகள் அந்த மாலையைத் துண்டு துண்டாக அறுக்கின்றன. ஆனால் குளூட்டனில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுதி. அது இருக்கும் இடத்தில் நம் நொதிகளின் கத்தி இறங்குவதில்லை. இது எல்லா மனிதருக்கும் பொது. 2002-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சைத்தன் கோஸ்லா குழுவினர், 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு அறுபடாமலே சிறுகுடலில் தங்குவதைக் கண்டறிந்தார்கள். மற்றவர்களுக்கு அதனால் தீங்கில்லை. சீலியாக் நோயாளிகளின் உடலோ அதை எதிரியாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் சேதமாவது சொந்தக் குடலேதான். உணவின் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் கம்பளத்தின் நூல்கள் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. பிள்ளை எவ்வளவு தின்றும் மெலிவது இதனால்தான்.

அப்படியானால் புரோலினை அறுக்கக்கூடிய நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? இதே கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும் கேட்டார்கள். 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், சந்தையில் விற்கும் ஐந்து நொதி மாத்திரைகளைச் சோதித்தார்கள். தீங்கு செய்யும் அந்தத் துண்டுகளை அவை சிதைக்கவில்லை. ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுத்த வேறொரு நொதி மட்டும் நன்றாக வேலை செய்தது. ஆனால் மனித வயிற்றில் அதுவும் பெரும்பகுதியைத்தான் அறுக்கிறது, முழுவதையும் அன்று. மருந்தாகவே உருவாக்கப்பட்ட இன்னொரு நொதியை 494 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது; வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் அதை உண்டவர்களுக்கும் குடலில் வேறுபாடு காணவில்லை. அதே மருந்தை வைத்து 2022-இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஓரளவு நம்பிக்கை தந்திருக்கிறது. முயற்சிகள் தொடர்கின்றன. எனினும், கோதுமையை விலக்குவதற்கு மாற்றாக எந்த நொதியும் இந்நோய்க்கு மருந்தாக ஏற்கப்படவில்லை.

"பெரும்பகுதி போனாலே நல்லதுதானே?" என்று கேட்டேன்.

மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் கெடும் என்று 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பத்தில் ஒன்பது பங்கை மாத்திரை அறுத்தாலும், எஞ்சும் ஒரு பங்கு அந்த அளவைப் போல நான்கு மடங்கு!

நேரத்தின் கணக்கு இன்னொன்று. நொதி உணவோடு கலந்து இரைப்பையிலேயே வேலையை முடித்தாக வேண்டும். கஞ்சி போன்ற நீர்த்த உணவு விரைவாக இறங்கிவிடும். நான் மாத்திரை கொடுத்தது அரைமணி நேரம் கழித்து. "ரயில் குரோம்பேட்டையைத் தாண்டிய பிறகு தாம்பரம் பிளாட்பாரத்தில் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள்" என்றார். தலை குனிந்தேன்.

ஹலாலா என்ற கேள்வி

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். அவர் கொண்டுவந்த புட்டியைத் திருப்பிப் படித்தேன். அதில் பேன்கிரியாட்டின் என்று இருந்தது. விலங்கின் கணையத்திலிருந்து எடுக்கும் நொதிக் கலவை அது. மருந்தாக விற்கப்படுவது பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது. அவர் முகம் மாறிவிட்டது.

ஆயினும் எல்லா நொதியும் அப்படியன்று. டயஸ்டேஸ் என்ற நொதியைப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் முறைக்கு ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே 1894-இலேயே காப்புரிமை பெற்றார். நம் ஊர் மருந்துக் கடைகளில் வயிறு உப்பினால் வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது இந்தப் பூஞ்சை டயஸ்டேஸ்தான். சிலவற்றோடு பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்னும் சேரும். டயஸ்டேஸ் மாவுச்சத்தைச் செரிக்கும். குளூட்டன் புரதமாதலால் அதை அது தொடுவதில்லை. பப்பெய்ன் புரதத்தை அறுக்கும் என்றாலும், சீலியாக் நோயாளியைக் காக்கும் என்று நிறுவப்படவில்லை.

கணையமே பழுதாகி நொதி சுரக்காத நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேன்கிரியாட்டின் உயிர் காக்கும் மருந்து. வேறு வழியில்லை என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கம் தரும் சலுகையை உலமாக்கள் அவர்களுக்குச் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நோயாளி யாரும் இக்கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரையும் ஆலிமையும் கலந்துகொள்ளுங்கள். ஆனால் கோதுமை தின்றதற்குப் பரிகாரமாக இதை உண்பதில் அந்தப் பயனே இல்லை. பயனில்லாத இடத்தில் நிர்ப்பந்தம் எங்கிருந்து வரும்? மருத்துவ உண்மை தெரிந்ததும் மார்க்கக் கேள்வியும் தானே தெளிந்துவிட்டது. "உங்கள் மகனுக்கு இது தேவையே இல்லை" என்று சொல்லிப் புட்டியை மூடி அவர் கையில் கொடுத்தேன்.

தவறிப்போய் உண்டுவிட்டால்

"அப்படியானால் தவறு நேர்ந்தால் என்னதான் செய்வது?" என்று அவர் கேட்டார். எங்கள் மருத்துவர் சொன்னதையே சொன்னேன். வாந்தியை வலிந்து வரவழைக்கக் கூடாது. நீர் இழப்புக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுக்க வேண்டும். குழைந்த சோறு, அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் போதும். ஓய்வு வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. குணமான பின் களா செய்துகொள்ளலாம். ஒரு முறை தவறியதால் எல்லாம் பாழாகிவிடாது. கோதுமை மீண்டும் போகாதிருந்தால் குடல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றலை இறைவன் அதற்குக் கொடுத்திருக்கிறான். பிறகு உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இந்நோய் இருக்குமோ என்று ஐயம் வந்தால், நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பின் சோதித்தால் நோய் மறைந்து நிற்கும். முதலில் மருத்துவரிடம் சென்று டி.டி.ஜி. என்னும் இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

கடைச் சரக்கில் குளூட்டன் இல்லாதது என்ற குறிப்பைப் பாருங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படி அச்சிட நம் நாட்டு விதி இடம் தருவதில்லை. பெருங்காயத்தில் அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. பெருநாளைக்கு எங்கள் வீட்டில் இப்போது அரிசிச் சேமியாப் பாயசம்தான். முதல் ஆண்டு முகம் சுளித்த என் மூத்த மகன் இப்போது இரண்டு கிண்ணம் கேட்கிறான்.

கேட்பதும் சொல்வதும்

நம்மிடம் விருந்தோம்பல் மிகுதி. "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்துவதை அன்பு என்று நினைக்கிறோம். விருந்தினர் உணவைப் பற்றிக் கேட்டால் நம்மைக் குறை சொல்கிறார் என்று மனம் சுருங்குகிறோம். அந்தச் சுருக்கத்திற்கு அஞ்சித்தான் அன்று அண்டாவின் அருகில் என் நாக்கு எழவில்லை. ஒரு பெரியவரின் முகம் வாடக் கூடாது என்று நினைத்தேன். என் மகளின் உடல் வாடியது.

விருந்து வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது, "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பண்டாரியைக் கூப்பிட்டு விசாரித்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "சும்மா சாப்பிடுங்க, ஒன்றும் இல்லை" என்பதைவிட அது நூறு மடங்கு உபகாரம். நோயாளிப் பிள்ளையின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் பிள்ளையிடம் கேட்கவில்லை என்றே சொல்லுங்கள். குடிப்பதா வேண்டாமா என்று அது முடிவு செய்துகொள்ளும்.

2025 ரமலானின் முதல் நாள் தூக்குவாளியோடு போனேன். வரிசை அதே நீளம். பண்டாரியிடம், "பாய், இன்று கஞ்சியில் என்னென்ன போட்டீர்கள்? என் மகளுக்குக் கோதுமை ஆகாது" என்றேன். அவர் அகப்பையை வைத்துவிட்டுத் துண்டில் கை துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்! ரவை போடுற அன்னிக்கு முதல்ல உங்க தூக்குக்கு ஊத்தி வெச்சுட்டுப் போடுறேன்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவுதான். இதற்காகவா நான் அஞ்சினேன்!

வீட்டுக்கு வந்ததும் மகள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் நானே, "கேட்டேம்மா" என்றேன்.

நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண சுகம் தருவானாக. உண்மையைச் சொல்லும் நாவையும், கேட்கும் துணிவையும் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.